ஆர்டர் போய்ச் சேர்ந்ததா? அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்கு இடையிலான மின்னணு ஆர்டர் ஒப்பந்தம்: ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்கள் ஓ.எம்.ஆர். சாலையில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தேன். அமெரிக்காவில் உள்ள ஒரு சிறிய தொலைபேசி நிறுவனத்துக்கு ஆர்டர் டெஸ்க் வேலை. ஒரு பல் மருத்துவமனை தன் நான்கு லைன்களையும் எங்கள் கம்பெனிக்கு மாற்றக் கேட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை (அவர்கள் மாலை, எங்கள் விடியல்) ஆர்டரை ஏற்றினேன். திரையில் 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று வந்தது. வெள்ளிக்கிழமை லைன் மாறவில்லை. எதிர்முனைக் கம்பெனியிடம் கேட்டால், "அப்படி ஓர் ஆர்டர் எங்களுக்கு வரவே இல்லை" என்றார்கள். என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. என் மேலாளர் ஒப்பந்தத்தைத் திறந்து ஒரே ஒரு வரியைக் காட்டினார்: ஆர்டர் வந்த நேரம் என்பது, சேவை வழங்கும் நிறுவனத்தின் கணினிப் பதிவில் உள்ள நேரமே. அவர்கள் பதிவில் இல்லை, ஆகவே வரவில்லை. அதோடு பேச்சு முடிந்தது.

பிறகு என் வேலை ஒப்பந்தம் படிக்கும் பக்கமாக மாறியது. இந்த ஒப்பந்தங்களைப் பேச உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கட்டணத்துக்குத்தான் சண்டை போடுவார்கள். ஆனால் கம்பெனியை நிஜமாகக் கவிழ்ப்பது நேரமும் ரசீதும்தான்: எப்போது வந்ததாகக் கணக்கு, அதற்கு யாருடைய பதிவு சாட்சி. இந்த வழிகாட்டியை அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த மாநிலத்துத் தொலைத்தொடர்பு வக்கீல் ஒருவர் படித்தே ஆக வேண்டும்.

பெயர்களை முதலில் சரி செய்துகொள்வோம். ஊரில் ஏற்கெனவே கம்பி இழுத்து வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தை இந்தத் தொழிலில் 'ஐலெக்' என்பார்கள். போட்டிக்குப் புதிதாக வந்தவர் 'சீலெக்'. ஒரு வாடிக்கையாளரைத் தன் பக்கம் மாற்ற, புதியவர் பெரிய நிறுவனத்துக்குக் கணினி வழியாக ஆர்டர் அனுப்ப வேண்டும்; அந்த ஏற்பாட்டுக்கான ஒப்பந்தம்தான் இது. இங்கே பழைய கம்பெனி, புதிய கம்பெனி என்றே சொல்கிறேன்.

முதல் படி: இந்த உரிமை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1996 பிப்ரவரி 8 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம்தான் ஆரம்பம். அதன் 251ஆம் பிரிவு, பழைய கம்பெனி தன் வலையமைப்பின் பாகங்களைப் போட்டியாளருக்குப் பாகுபாடு இல்லாமல் தர வேண்டும் என்கிறது. அதே வருடம் ஆகஸ்ட் 8 அன்று மத்திய ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி. ஒரு பெரிய உத்தரவு போட்டது. கம்பியும் ஸ்விட்சும் மட்டும் போதாது, ஆர்டர் எடுக்கும் கணினி அமைப்புகளும் (இவற்றுக்கு ஓ.எஸ்.எஸ். என்று பெயர்) வலையமைப்பின் ஒரு பாகம்தான் என்றது. 1997 ஜனவரி 1க்குள் அவற்றைத் திறந்துவிட வேண்டும் என்று கெடுவும் வைத்தது.

காரணம் எளிது. பழைய கம்பெனியின் ஊழியர் கவுன்டரில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் தேதி கொடுக்கிறார். புதிய கம்பெனி அதே தேதிக்காக ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தால் யார் மாறுவார்கள்? பழைய கம்பெனிகள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின. 1999 ஜனவரியில் ஏ.டி.&டி. எதிர் அயோவா யுடிலிட்டீஸ் போர்டு வழக்கில் எஃப்.சி.சி.யின் வேறு சில விதிகள் அடிபட்டன. ஆனால் ஓ.எஸ்.எஸ். ஒரு வலையமைப்புப் பாகம் என்ற நிலை அப்போது தப்பியது. 2020இல் எஃப்.சி.சி. அந்தக் கடமையைச் சுருக்கி, எண் மாற்றம், வலையமைப்பு இணைப்பு, மிச்சமிருக்கும் வலையமைப்புப் பாகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் வைத்தது.

இந்த வரலாறு எதற்கு என்றால், உங்கள் ஒப்பந்தத்தில் 'அணுகல் என்பது வழங்குநர் தன் விருப்பத்தின் பேரில் அளிக்கும் வசதி' என்ற மாதிரி ஒரு வாக்கியம் நழுவி வந்துவிடும். அதை அடித்துவிட்டு '251ஆம் பிரிவின் கீழான கடமை' என்று எழுதுங்கள். சலுகையை நிறுத்துகிறவரிடம் நீங்கள் கெஞ்ச வேண்டியிருக்கும், கடமையை நிறுத்துகிறவர் ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: பேச்சுவார்த்தைக் காலண்டரைச் சுவரில் ஒட்டுங்கள்

இது தனி ஒப்பந்தமாக வருவது அபூர்வம். இரு கம்பெனிகளின் வலையமைப்புகளையும் இணைப்பதற்கான இன்டர்கனெக்ஷன் ஒப்பந்தம் என்ற தடிமனான கட்டின் ஓர் இணைப்பாக வரும். அதைப் பெற மூன்று வழிகள்: பேசி முடிப்பது, நடுவர் தீர்ப்புக்குப் போவது, அதே மாநிலத்தில் வேறொருவர் போட்ட ஒப்பந்தத்தை அப்படியே ஏற்பது.

பேசலாம் என்று நீங்கள் எழுத்தில் கேட்கும் நாள்தான் கணக்கின் தொடக்கம். 135ஆம் நாளிலிருந்து 160ஆம் நாள் வரை மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் நடுவர் மனு போடலாம். 161ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 25 நாள். மொத்தத்தையும் ஆணையம் ஒன்பது மாதத்துக்குள் முடிக்க வேண்டும். பேசி முடித்த ஒப்பந்தத்தை 90 நாளிலும், நடுவர் தீர்ப்பில் வந்ததை 30 நாளிலும் ஆணையம் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றதாகவே ஆகிவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மற்றவர் ஒப்பந்தத்திலிருந்து நல்ல வரிகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் முறை முன்பு இருந்தது. 2004 ஜூலையில் எஃப்.சி.சி. அதை நிறுத்தியது. இப்போது எடுத்தால் முழுவதும் எடுக்க வேண்டும். ஆர்டர் இணைப்பு அழகாக இருக்கிறது என்று ஒரு ஒப்பந்தத்தை எடுத்துவிட்டு, அதிலேயே வேறு மூலையில் இருக்கும் டெபாசிட் ஷரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

மூன்றாம் படி: எதை எல்லாம் அணுகலாம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்

விதிகள் ஐந்து வேலைகளைச் சொல்கின்றன: ஆர்டருக்கு முந்தைய விசாரணை, ஆர்டர், சேவையை நிறுவுதல், பழுதுபார்ப்பு, பில்லிங். ஐந்தும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முதலாவதில்தான் அதிகம் மறைந்து கிடக்கிறது, அதனால் அதில் கொஞ்சம் நிற்கிறேன்.

ஆர்டர் போடுவதற்கு முன் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? வாடிக்கையாளரின் தற்போதைய சேவைப் பதிவு. இது சி.எஸ்.ஆர். என்ற பெயரில் வரும். எந்த லைன், என்னென்ன வசதி, எந்த முகவரி எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் முகவரிச் சரிபார்ப்பு. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வாடிக்கையாளர் 'அபார்ட்மென்ட் 4' என்பார், பழைய கம்பெனியின் தெருப் பட்டியலில் அது 'யூனிட் 4' என்று இருக்கும், ஆர்டர் திரும்பி வந்துவிடும். இந்த மாதிரித் திருப்பல்களைச் சரி செய்வதிலேயே ஆர்டர் டெஸ்க்கில் பாதி இரவு போகும். ஆகவே அவர்கள் எந்தப் பட்டியலை வைத்து ஆர்டரைச் சரிபார்க்கிறார்களோ, அதே பட்டியலை நீங்களும் நேரலையில் பார்க்க முடிய வேண்டும் என்று எழுதுங்கள். ஆர்டர் திரையில் ஒரு பட்டியல், சரிபார்ப்பில் வேறு பட்டியல் என்றால் நீங்கள் ஜெயிக்க வழியே இல்லை.

தொலைபேசிக் கம்பி வழியே டி.எஸ்.எல். இணையம் தருபவராக இருந்தால் கம்பியின் தன்மைத் தகவலும் வேண்டும்: செம்புக் கம்பியின் நீளம், நடுவில் லோட் காயில் (குரலுக்காகப் பொருத்திய, டி.எஸ்.எல்.ஐத் தடுக்கும் சுருள்) இருக்கிறதா, பக்கக் கிளைகள் தொங்குகின்றனவா. 1999 நவம்பரில் வந்த எஃப்.சி.சி. உத்தரவு, இதுவும் ஓ.எஸ்.எஸ். அணுகலில் சேரும் என்று சொல்லிவிட்டது. 'தகுதி உண்டு, தகுதி இல்லை' என்று பச்சை, சிவப்பு விளக்கு மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது பழைய கம்பெனியின் சொந்த டி.எஸ்.எல். பொருளுக்கு ஏற்ப எடுத்த முடிவாக இருக்கலாம். மூலத் தகவலைக் கேளுங்கள்.

நான்காம் படி: எந்தக் கதவு வழியாக நுழைவீர்கள்

இரண்டு வகைக் கதவுகள் உண்டு. ஒன்று வலைத்தளத் திரை: ஆள் உட்கார்ந்து தட்ட வேண்டும். மாதத்துக்குச் சில நூறு ஆர்டர்தான் என்றால் அதுவே போதும். இன்னொன்று உங்கள் கணினியும் அவர்கள் கணினியும் நேராகப் பேசுவது. முதலில் ஈ.டி.ஐ., பின்னால் எக்ஸ்.எம்.எல். என்று வடிவம் மாறியது. திரையில் தட்டினால் ஒரே ஆர்டரை உங்கள் கணினியில் ஒரு தடவை, அவர்கள் திரையில் ஒரு தடவை என்று இரண்டு முறை அடிக்கிறீர்கள். பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன. எஃப்.சி.சி. 1997, 1998இல் அமெரிடெக், பெல்சவுத் என்ற பழைய கம்பெனிகளின் நெடுந்தூர அழைப்பு அனுமதி மனுக்களை (உள்ளூர்ச் சந்தையைப் போட்டிக்குத் திறந்தால்தான் அந்த அனுமதி கிடைக்கும்) மறுத்தபோது, ஆர்டர் அமைப்புகளின் குறைகள் முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருந்தன.

இந்தப் படியில் எழுத வேண்டியவை அதிகம் இல்லை, ஆனால் தெளிவாக வேண்டும். கதவு எந்த நேரத்தில் திறந்திருக்கும், பராமரிப்புக்கு எப்போது மூடுவார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள், திட்டமிடாமல் விழுந்தால் எத்தனை நிமிடத்தில் தகவல் வரும். நேரலைக்குப் போவதற்கு முன் சோதனைச் சூழல் தருவார்களா, அந்தச் சூழல் நிஜ அமைப்பைப் போலவே நடந்துகொள்ளுமா. நான் பார்த்த ஒன்றில், சோதனைச் சூழல் எந்த ஆர்டரையும் ஏற்றுக்கொண்டது. முகவரி இடத்தில் வெறும் புள்ளி வைத்தாலும் 'சரி' என்றது. அப்படிப்பட்ட சோதனையில் பாஸ் ஆகி என்ன பயன்?

ஐந்தாம் படி: ஆர்டரின் பயணமும் கடிகாரமும்

இதுதான் ஒப்பந்தத்தின் இதயம். நிதானமாகப் போவோம்.

உங்கள் ஆர்டருக்கு எல்.எஸ்.ஆர். என்று பெயர். அதில் நீங்கள் இடும் ஆர்டர் எண்ணும் பதிப்பு எண்ணும் இருக்கும். ஈ.டி.ஐ. வழியாகப் போனால் 850 என்ற எண்ணுள்ள செய்தியாகப் போகும். கோப்பு படிக்கும் நிலையில் வந்து சேர்ந்தது என்பதற்கு 997 என்ற ரசீது திரும்ப வர வேண்டும். பிறகு இரண்டில் ஒன்று: பிழை என்று திருப்பல், அல்லது தேதியோடு உறுதிச் சீட்டு. உறுதிச் சீட்டை எஃப்.ஓ.சி. என்பார்கள். இவை 855 செய்தியாக வரும். கொடுத்த தேதிக்கு முடியாது என்றால் 'ஜெபர்டி' என்ற எச்சரிக்கை. வேலை முடிந்ததும் முடிவு அறிவிப்பு, 865. கடைசியாக, பழைய கம்பெனி தன் வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து அவரை எடுத்துவிட்டது என்ற பில்லிங் முடிவு அறிவிப்பு. நடுவில் நீங்கள் ஏதாவது மாற்றினால் துணை ஆர்டர் அனுப்ப வேண்டும்: 1 என்றால் ரத்து, 2 என்றால் தேதி மாற்றம், 3 என்றால் வேறு எந்த மாற்றமும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒப்பந்தம் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரத்தில்? எந்த நொடியிலிருந்து எண்ண வேண்டும்? செய்தி வராவிட்டால் என்ன?

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் நியூயார்க்கில் நடந்தது. 1999 டிசம்பர் 22 அன்று பெல் அட்லான்டிக் நிறுவனத்துக்கு நியூயார்க்கில் நெடுந்தூர சேவைக்கான அனுமதி கிடைத்தது. தன் சொந்த வட்டாரத்தில் அந்த அனுமதியைப் பெற்ற முதல் பெல் கம்பெனி (பெரிய வட்டாரப் பழைய கம்பெனிகளுக்கு அந்தப் பெயர்) அதுதான். அதற்கு முன் கே.பி.எம்.ஜி. நிறுவனத்தின் மேற்பார்வையில் ஒரு போலிப் போட்டியாளர் போல ஆர்டர்கள் அனுப்பி அமைப்பைச் சோதித்திருந்தார்கள். அனுமதி வந்த சில வாரங்களில் ரசீதுகளும் உறுதிச் சீட்டுகளும் முடிவு அறிவிப்புகளும் காணாமல் போகத் தொடங்கின. போட்டியாளர்களுக்குத் தங்கள் வாடிக்கையாளர் மாறிவிட்டாரா, ஆர்டர் எங்கே நிற்கிறது என்பதே தெரியவில்லை. 2000 மார்ச்சில் பெல் அட்லான்டிக் எஃப்.சி.சி.யோடு ஒரு சமரச ஆணைக்கு ஒப்பி 30 லட்சம் டாலர் செலுத்தியது. நியூயார்க் மாநில ஆணையத்தின் வழியாகப் போட்டியாளர்களுக்கு 1 கோடி டாலர் திருப்பிக் கொடுக்க வேண்டியும் வந்தது. கம்பி அறுந்து வந்த வினை இல்லை இது, ரசீது வராததால் வந்தது.

ஆகவே ஒப்பந்தத்தில் இப்படி எழுதக் கேளுங்கள்: 'புதிய கம்பெனியின் பதிவில் அனுப்பிய நேரம் இருந்து, குறித்த நேரத்துக்குள் ரசீதோ பிழைச் செய்தியோ வராவிட்டால், அந்த ஆர்டர் அனுப்பிய நேரத்திலேயே வந்ததாகக் கொள்ளப்படும், வரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு பழைய கம்பெனியுடையது.' முழுதாகக் கிடைக்காது. பேச்சில் பெரும்பாலும் ஒரு நடுவழிக்கு வருவார்கள்: இரு தரப்புப் பதிவும் சாட்சியாகும், வேறுபட்டால் குறித்த நாளுக்குள் இருவரும் பதிவுகளை ஒப்பிட வேண்டும். அதுவே பெரிய வெற்றி. பதிவுகளை எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். நீங்கள் சண்டைக்குத் தயாராகும்போது அவர்கள் பதிவை அழித்திருக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி, எந்த நொடியிலிருந்து. எளிய எண் மாற்றத்தை (வாடிக்கையாளர் தன் எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனி மாறுவது) எடுத்துக்கொள்வோம். முன்பு நான்கு வேலை நாள் ஆகும். 2009 மே மாதம் எஃப்.சி.சி. அதை ஒரு வேலை நாளாகக் குறைத்தது. 2010இல் ஏற்கப்பட்ட நடைமுறைப்படி காலை 8 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் இடையில் பிழையில்லாத ஆர்டர் போய்ச் சேர்ந்தால் நான்கு மணி நேரத்துக்குள் உறுதிச் சீட்டு வர வேண்டும். 1 மணிக்குப் பிறகு சேர்ந்தால் அடுத்த வேலை நாள் காலை 8 மணிக்கு வந்ததாகக் கணக்கு. அதாவது 12:59க்கும் 1:01க்கும் இடையில் ஒரு முழு வேலை நாள் வித்தியாசம். எந்த ஊர் 1 மணி? எண் மாற்றத்துக்கு அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள்: அந்த எண் இருக்கும் நிர்வாக வட்டாரத்தில் பெரும்பாலும் வழங்கும் நேரம். மற்ற ஆர்டர்களுக்கு உங்கள் ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நவம்பரில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும் இரவில் 1:30 மணி இரண்டு தடவை வரும். ராத்திரி ஷிஃப்ட்டில் இருந்த எங்களுக்கு அது வருடாந்திரத் தலைவலி. பதிவுகளை உலகப் பொது நேரத்தில் வையுங்கள், கெடுவை மட்டும் உள்ளூர் நேரத்தில் எண்ணுங்கள் என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது. விடுமுறைப் பட்டியலையும் இணையுங்கள். மாநில விடுமுறையும் கம்பெனி விடுமுறையும் ஒன்றல்ல.

முதல் கேள்வி, எவ்வளவு நேரம். இங்கே கவனிக்க வேண்டியது 'ஃப்ளோ-த்ரூ' என்ற சொல். மனிதக் கை படாமல் ஆர்டர் நேராக உள்ளே போய்விட்டால் அது ஃப்ளோ-த்ரூ. அதற்கு இரண்டு மணி நேரம் மாதிரிக் கெடு கேட்கலாம். உள்ளே ஓர் ஊழியர் எடுத்து மறுபடி அடிக்கிறார் என்றால் ஒரு நாள் என்பார்கள். எந்த ஆர்டர் வகைகள் ஃப்ளோ-த்ரூ ஆகும் என்ற பட்டியல் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், எல்லாமே மெல்ல ஒரு நாள் பக்கம் நகர்ந்துவிடும்.

திருப்பல் பற்றி இன்னொரு வரி. ஆர்டரில் மூன்று பிழை இருந்தால் மூன்றையும் ஒரே தடவையில் சொல்ல வேண்டும். முதல் பிழையைச் சொல்லி, திருத்தி அனுப்பியதும் இரண்டாவதைச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்.

ஆறாம் படி: கைப்புத்தகம் ஒப்பந்தத்தை விழுங்கிவிடாமல் பாருங்கள்

ஒப்பந்தத்தில் இருபது பக்கம் பேசி ஜெயித்திருப்பீர்கள். கடைசியில் ஒரு வரி: 'நடைமுறைகள் பழைய கம்பெனியின் வலைத்தளக் கைப்புத்தகத்தில் உள்ளபடி, அவ்வப்போது மாறுவதற்கு உட்பட்டவை.' அவ்வளவுதான். இனி அவர்கள் வலைப்பக்கத்தைத் திருத்தினால் உங்கள் ஒப்பந்தமும் திருந்திவிடும்.

கைப்புத்தகம் தேவைதான், ஆர்டர் படிவத்தின் கட்ட விவரங்களை எல்லாம் ஒப்பந்தத்தில் அச்சிட முடியாது. ஆனால் முரண் வந்தால் ஒப்பந்தமே செல்லும் என்று எழுதுங்கள். கைப்புத்தக மாற்றம் உங்கள் செலவையோ கெடுவையோ கூட்டினால் அது திருத்தமாகக் கருதப்பட வேண்டும்.

அமைப்பை மாற்றுவதற்கும் ஒழுங்கு உண்டு. பெல் அட்லான்டிக் (பிறகு இதன் பெயர் வெரைசான் ஆனது) வைத்திருந்த முறையில் மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள்: அவசரத் திருத்தம், ஒழுங்குமுறை ஆணையால் வருவது, தொழில்துறைத் தரத்தால் வருவது, பழைய கம்பெனி கேட்பது, போட்டியாளர்கள் கேட்பது. இந்தப் பிரிப்பு நல்ல மாதிரி. ஒவ்வொரு வகைக்கும் முன்னறிவிப்பு நாட்கள் வேறு. புதிய பதிப்பு வந்தாலும் பழைய பதிப்பு குறிப்பிட்ட மாதங்கள் ஓட வேண்டும் என்று கேளுங்கள். சிறிய கம்பெனிக்கு ஈ.டி.ஐ. வடிவத்தை மாற்றி எழுத ஆளும் பணமும் உடனே கிடைக்காது. 'அவசரம்' என்ற சொல்லுக்கு வரையறை வேண்டும். வரையறை இல்லாத இடத்தில் எல்லாமே அவசரம்தான்.

ஏழாம் படி: வாடிக்கையாளர் தகவல்

இரண்டு திசையிலும் கவலை உண்டு. நீங்கள் அவர்களின் வாடிக்கையாளர் பதிவைப் பார்க்கிறீர்கள். அதற்கு வாடிக்கையாளரின் அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரைக் கேட்காமலே அவர் கம்பெனியை மாற்றிவிடும் 'ஸ்லாமிங்' மோசடிக்கு எதிராகச் சட்டத்தின் 258ஆம் பிரிவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவை பதிவைத் திறக்கும்போதும் அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே அனுப்பு என்றால் ஒப்பாதீர்கள். மொத்தமாக ஓர் உறுதிமொழி, சந்தேகம் வந்தால் தணிக்கை, அதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். தணிக்கைக்கும் வருடத்துக்கு இத்தனை முறை, இத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எல்லை போடுங்கள்.

மறு திசை இன்னும் சுவாரசியம். உங்கள் ஆர்டர் போய்ச் சேர்ந்த உடனே பழைய கம்பெனிக்கு ஒரு ரகசியம் தெரிகிறது: இந்த வாடிக்கையாளர் கிளம்பப்போகிறார். எண் மாறுவதற்குள் அவருக்கு ஃபோன் போட்டு 'தள்ளுபடி தருகிறோம், போகாதீர்கள்' என்றால்? இதை வெரைசான் செய்தது. பிரைட் ஹவுஸ், காம்காஸ்ட், டைம் வார்னர் கேபிள் ஆகியவை புகார் செய்தன. 2008 ஜூனில் எஃப்.சி.சி. அது 222(பி) பிரிவுக்கு எதிரானது என்றது. 2009 பிப்ரவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனாலும் ஒப்பந்தத்தில் தனியாக எழுதுங்கள்: ஆர்டர் தகவல் விற்பனைப் பிரிவுக்குப் போகக் கூடாது, யார் யார் பார்த்தார்கள் என்ற பதிவு இருக்க வேண்டும். சட்டத்தை மீறினார்கள் என்று வழக்குப் போட வருடங்கள் ஆகும், ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று சொல்ல அந்தப் பதிவு போதும்.

எட்டாம் படி: கட்டணம்

சுருக்கமாகவே சொல்கிறேன். மின்னணு ஆர்டருக்கு ஒரு கட்டணம், கையால் போடும் ஆர்டருக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு கட்டணம். பெல்சவுத் இவற்றை சோமெக், சோமேன் என்ற குறியீடுகளில் பில் செய்தது. சண்டை எங்கே வரும் என்றால், அவர்கள் கணினி விழுந்து நீங்கள் ஃபேக்ஸ் அனுப்ப நேர்ந்தாலும், அந்த ஆர்டர் வகைக்கு மின்னணுக் கதவே அவர்கள் திறக்காமல் இருந்தாலும், கைக் கட்டணம் போட்டுவிடுவார்கள். அந்த இரண்டு நிலையிலும் மின்னணுக் கட்டணம்தான் என்று எழுதுங்கள். திருத்தி அனுப்பும் ஆர்டருக்கு மறுபடி கட்டணம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். பிழை அவர்கள் பட்டியலில் இருந்தால் நீங்கள் ஏன் இரண்டு தடவை கட்ட வேண்டும்?

ஒன்பதாம் படி: அளவுகோலும் அபராதமும்

எஃப்.சி.சி. வைத்திருக்கும் அளவுகோல் இரண்டு. பழைய கம்பெனி தனக்கே செய்துகொள்ளும் அதே வேலை என்றால், அதே தரத்தில், அதே நேரத்தில் உங்களுக்கும் செய்ய வேண்டும். அவர்களுக்குள் ஒப்பிட எதுவும் இல்லாத வேலை என்றால், திறமையான போட்டியாளருக்கு அர்த்தமுள்ள வாய்ப்புக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறுதிச் சீட்டு இரண்டாம் வகை. அவர்கள் தங்களுக்கே உறுதிச் சீட்டு அனுப்பிக்கொள்வதில்லை அல்லவா?

ஒப்பந்தத்தில் சதவீதங்கள் எழுதும்போது எதெல்லாம் கணக்கிலிருந்து விலக்கப்படும் என்ற பட்டியலைத்தான் முதலில் படியுங்கள். 95 சதவீதம் நேரத்தில் வந்தது என்ற அறிக்கையில், 'கணினி பராமரிப்பு நேரத்தில் வந்தவை, ரசீது வராதவை, பெரிய திட்டம் என்று தனிக் குழு கையாண்டவை நீங்கலாக' என்று அடியில் இருக்கும். ரசீது வராதவற்றை நீக்கிவிட்டால் நியூயார்க்கில் நடந்தது அறிக்கையில் தெரியவே தெரியாது. கணக்கின் மூலத் தரவு உங்களுக்கும் கிடைக்க வேண்டும். அபராதத் தொகை பில்லில் தானாகக் கழிய வேண்டும், நீங்கள் கேட்டால்தான் தருவோம் என்பது வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். எஃப்.சி.சி.யின் 2005 பிப்ரவரி உத்தரவுக்குப் பிறகு பழைய கம்பெனியின் ஸ்விட்சையும் கம்பியையும் சேர்த்து மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் முறை ஒரு வருட மாற்றக் காலத்தோடு முடிந்தது. ஆர்டர் அளவு குறைந்தது. எண் மாற்றம் போன்ற ஆர்டர்களுக்கு இதே ஏற்பாடுதான் தொடர்கிறது. பழைய ஒப்பந்தத்தை மாதிரியாக எடுத்தால் இப்போது இல்லாத சேவைகளின் அளவுகோல்களை நீக்கிவிடுங்கள்.

பத்தாம் படி: துண்டிப்பு

'அமைப்பைத் தவறாகப் பயன்படுத்தினால் உடனே அணுகலை நிறுத்துவோம்' என்ற ஷரத்து நிச்சயம் வரும். பாதுகாப்புக்கு அது வேண்டியதுதான். உங்கள் பக்கக் கணினியிலிருந்து வைரஸ் போனால் அவர்கள் கதவைச் சாத்தத்தான் செய்வார்கள். ஆனால் எந்தப் பயனர் கணக்கில் தவறு நடந்ததோ அதை மட்டும் நிறுத்தலாம், மொத்தக் கம்பெனியையும் நிறுத்தக் கூடாது என்று பிரியுங்கள். நிறுத்தும்போது ஏற்கெனவே உள்ளே போன ஆர்டர்கள் தொடர்ந்து நடக்க வேண்டும். பில் தகராறுக்காக ஆர்டர் கதவை மூடக் கூடாது, தகராறான தொகையைத் தவிர மற்றதைக் கட்டிவிட்டால் போதும். நஷ்ட ஈட்டு வரம்பில் பெரும் அலட்சியத்துக்கும் வேண்டுமென்றே செய்ததற்கும் விலக்கு வாங்குங்கள்.

கையெழுத்துக்கு முந்தின ஒத்திகை

எல்லாம் முடிந்ததும் ஒரு காகிதத்தை எடுத்து, அந்தப் பல் மருத்துவமனையின் நான்கு லைன்களை மறுபடி மாற்றிப் பாருங்கள். செவ்வாய் மாலை 4:40, ஆர்டர் போகிறது. எந்த ஷரத்துப்படி அது இன்றைக்கு வந்தது அல்லது நாளைக்கு வந்தது? ரசீது வரவில்லை. எத்தனை மணிக்கு யாரை அழைப்பீர்கள், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் யார், அந்த எண் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? உறுதிச் சீட்டு வெள்ளிக்கிழமை என்கிறது, வியாழக்கிழமை ஜெபர்டி வருகிறது. கிளினிக்குக்கு என்ன சொல்வீர்கள்? வேலை முடிந்தது, பில்லிங் முடிவு அறிவிப்பு வரவில்லை, அந்த மருத்துவருக்கு அடுத்த மாதம் இரண்டு கம்பெனி பில்லும் வருகிறது. இரண்டாவதை யார் கட்ட வேண்டும்? ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஷரத்து எண்ணை எழுதுங்கள். எண் எழுத முடியாமல் காலியாக நிற்கும் இடங்களை எடுத்துக்கொண்டு மறுநாள் பேச்சுவார்த்தை மேசைக்குப் போங்கள்.